அளவுச் சட்டை

சண்டை பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் இரண்டு பெண்களுக்கு நடுவில் ஓர் ஆண்பிள்ளை இருப்பது எவ்வளவு வசதி என்பது, அவன் வீட்டில் இல்லாத நாளில்தான் தெரியும்.

சிவதர்சினிக்கு அது செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குத் தெரிந்தது. அவளுடைய கணவன் பிரதீபன் பழைய ரீசேட்டுக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, றப்பர் சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தான். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. மாரியில் குளம் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும்.

"வான்கதவு திறக்கப் போகினமாம். உடன வரட்டாம்."

"இண்டைக்குப் பத்து மணிக்கு நீங்கள்தான் எனக்கு ஆள் எண்டு சொன்னனீங்கள். இப்ப நான் ஆரைக் கிடத்திக் கீறுறது?"

"தண்ணிக்கு உம்மட பத்து மணி தெரியுமே?" என்றவன், குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினான். "அம்மா இருக்கிறா தானே."

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். தப்பித்தோம் பிழைத்தோம் என்றுதான் போனான்.

குசினியில் நின்ற ஞானேஸ்வரி மாமி மருமகளோடு நேரே பேசி மூன்று வாரமாகிறது. வவுனியாவுக்குக் குடிபோகும் கதை ஓர் இராச்சாப்பாட்டில் வாய் தவறி விழுந்த நாளிலிருந்து இப்படி. விடிய நாலரைக்கு எழும்பி, வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்குப் போய், அங்கே பஸ் பிடித்து, வவுனியாவில் உள்ள கற்கை நிலையத்துக்குப் படிப்பிக்கப் போய்வருவது நாலு வருடத்தில் சிவதர்சினியின் முதுகை முறித்துவிட்டது. பிரதீபனுக்கு அங்கே இடமாற்றம் கிடைத்தால் எல்லாரும் போய்விடலாம். ஆவணி மாதத்தில் விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பி அவனிடம் கொடுத்தாள். கந்தோரில் கொடுத்துவிட்டேன் என்று அவனும் சொன்னான். பதில் வருவதுதான் பாக்கி.

அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில்தான் வில்லங்கம். மாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாகத் தையல் மெசின், மூன்று ஊர் ஓடர். அவரை மூட்டை கட்டிக் கொண்டுபோக யாராலும் முடியாது. வவுனியா என்ற பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டவர், மருமகளிடம் சொல்லவேண்டியதை மகனிடம் சொல்லுவார். மகன் இல்லாத நேரத்தில் முற்றத்துக் கறுத்தக் கோழியிடம் சொல்லுவார். சிவதர்சினியும் லேசுப்பட்டவளா? அதே கோழியிடம் பதில் சொல்லுவாள்.

இந்த இலட்சணத்தில் இன்றைய வகுப்பு.

சிவதர்சினியின் பாடத்துக்குப் பெயர் கலைவழி ஆய்வுமுறை. ஆட்களிடம் படிவத்தை நீட்டி 'ஆம், இல்லை' என்று புள்ளடி போடவைப்பதற்குப் பதிலாக, அவர்களைக் கீறவும் ஒட்டவும் தைக்கவும் களிமண் பிசையவும் விட்டு, கை வேலையாக இருக்கும்போது வாய் என்ன சொல்கிறது என்று கேட்கும் முறை. வகுப்பில் என்றால் இருபத்திரண்டு பிள்ளைகளும் நிலத்தில் இருப்பார்கள். ஒருத்தி பிறவுண் பேப்பரில் மல்லாந்து படுப்பாள், மற்றவள் அவளைச் சுற்றிக் கோடு கீறுவாள். பிறகு அந்த உருவத்துக்குள் எங்கே பயம், எங்கே களைப்பு, எங்கே சந்தோசம் என்று நிறம் தீட்டுவார்கள். சிரிப்பும் பசையுமாக அறையே அல்லோலகல்லோலப்படும்.

மழை வீதியை இரண்டு இடத்தில் அறுத்ததில் வகுப்புகள் எல்லாம் ஓன்லைனுக்கு ஏறிவிட்டன. உள்ளங்கை அளவு திரைக்குள்ளால் ஒருவரை எப்படிச் சுற்றிக் கீறுவது?

"செய்முறையை விட்டிட்டுக் கட்டுரையா எழுதவிடுவம்," என்றார் துறைத் தலைவர் நல்லதம்பி, போன வாரக் கூட்டத்தில். "அடுத்த வருசம் இந்தப் பாடம் வேணுமோ எண்டும் யோசிப்பம்."

"ஒருக்காச் செய்து காட்டுறன் சேர்," என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பாடம் போனால் அவளுடைய தற்காலிக நியமனமும் போகும். பிறகு வவுனியாவும் இல்லை, ஒன்றும் இல்லை.

*

ஏழு மணிக்கு அவள் நடு ஹோலைக் கூட்டி, பிரதீபனின் வெள்ளை வேட்டி ஒன்றை நிலத்தில் விரித்தாள். பிறவுண் பேப்பர் வாங்கக் கடைக்குப் போக வழியில்லை. வெள்ளையில் கோடு நன்றாகத் தெரியும். நேற்றுப் பின்னேரம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். 'வீட்டில ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கோ, ஒராளைக் கிடத்துங்கோ, சுத்திக் கோடு கீறுறதுக்கு மாக்கர் ஒண்டு வச்சிருங்கோ.'

பிறகு குசினி வாசலில் போய் நின்று, வெளியே நின்ற கோழியைப் பார்த்துச் சொன்னாள்.

"பத்து மணிக்கு ஒரு கால் மணித்தியாலம் ஆராவது ஹோலில வந்து படுத்தால் பெரிய உதவியா இருக்கும்."

கோழி செட்டையை உதறியது. மாமி கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தார். வந்தவர் வேட்டியைக் கண்டதும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எடும் அதை."

மூன்று வாரத்தில் முதல்முறை நேரே வந்த சொல். சிவதர்சினிக்கு விளங்கவில்லை. "ஏன் மாமி?"

"இவரை இதே இடத்திலதான் கிடத்தினது. இதே மாதிரி வெள்ளைதான். கால் அந்தப் பக்கம்." மாமியின் குரல் உயரவில்லை. "அதுக்கு முந்தி, யுத்தத்தின்ர கடைசிச் சண்டைக்க, செத்த ஆக்களை, விரிக்க வெள்ளைகூட இல்லாமல், சீலையால மூடிப்போட்டு ஓடி வந்தனாங்கள். உயிரோட இருக்கிற ஆளை வெள்ளையில கிடத்திச் சுத்திக் கோடு கீறுவினமோ? ஆர் உமக்கு இதைப் படிப்பிச்சது?"

சிவதர்சினி குனிந்து வேட்டியைச் சுருட்டினாள். மாமனார் அவள் கலியாணம் முடித்து வருமுன்பே போய்விட்டவர். அவரை அவள் சுவரில் தொங்கும் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். இந்த நிலத்தில் அவள் தினமும் நடக்கிறாள், கூட்டுகிறாள். இந்த இடம்தான் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்குப் பின்னால் பயம் வந்தது. இதையே அவள் இருபத்திரண்டு வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

போன் அலறத் தொடங்கியது.

*

முதலில் போன் எடுத்தவள் ஜெயபுரத்து மாணவி யதுர்ஷிகா. "மிஸ், அப்பா வீட்டில இருந்த வேட்டி எல்லாத்தையும் அலுமாரிக்க வச்சுப் பூட்டிட்டார். திறப்பையும் கொண்டு வயலுக்குப் போயிட்டார்." பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சொன்னாள். மலைநாட்டில் இருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவளுடைய அப்பா லேசில் ஒன்றுக்கும் கோபப்படாத மனிதர்.

பிறகு முல்லைத்தீவில் இருந்து ஷிஹானா. குரல் தாழ்த்திக் கதைத்தாள். "எங்கட ஆக்களும் செத்தவங்கட மையத்தை வெள்ளையிலதான் மிஸ் சுத்துறது. உம்மா எழும்பி உள்ளுக்குப் போயிட்டா."

எட்டேகாலுக்கு நல்லதம்பி. சிவதர்சினி கதிரையில் இருந்தவள் எழும்பி நின்று பேசினாள்.

"மிஸ், எனக்கு அஞ்சு வீட்டுக்காரர் போன் எடுத்துப்போட்டினம். ஒராள் செத்தவீட்டு ஒத்திகையோ எண்டு கேக்கிறார்."

"என்ர பிழை சேர். வகுப்பறையில சரியா வந்ததை அப்பிடியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போட்டன்."

"பத்து மணிக்கு நானும் வாறன். ஒருத்தரையும் நிலத்தில கிடத்தாமல் வகுப்பு நடக்குமெண்டால் நடத்துங்கோ. இல்லாட்டிக் கட்டுரைதான். நாளைக்குக் கல்விக்குழுவில நான் பதில் சொல்லவேணும்."

போனை வைத்ததும் அவளுக்கு ஓவென்று அழவேண்டும் போல் இருந்தது. அழவும் நேரம் இல்லை. ஒன்றேமுக்கால் மணித்தியாலம்தான் இருந்தது.

வாசலில் மினிபஸ் ஹோர்ன் அடித்தது. கொண்டக்டர் ஒரு சொப்பிங் பையை மதிலுக்கு மேலால் நீட்ட, மாமி குடையோடு போய் வாங்கி வந்தார். உள்ளே ஒரு பழைய சட்டையும் ஒரு துண்டு புதுத் துணியும். வீதி அறுந்ததில் இருந்து தைக்கக் கொடுக்கும் ஆட்கள் நேரே வந்து அளவு கொடுக்க முடிவதில்லை. தங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றை, வெட்டுக்கு இந்தப் பக்கம் ஓடும் மினிபஸ்ஸில் கைமாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

மாமி அந்த அளவுச் சட்டையைப் பழைய பத்திரிகைத் தாளில் விரித்துத் தடவிவிட்டு, சோக்கட்டியால் சுற்றிக் கீறத் தொடங்கினார். கழுத்து, தோள், கை, இடுப்பு. சட்டையை எடுத்தபோது தாளில் ஓர் ஆள் மாதிரி இருந்தது.

சிவதர்சினி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

ஆள் வரவேண்டியதில்லை. படுக்கவேண்டியதில்லை. கீறிவிட ஒருவரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. முகம் காட்டவே வேண்டாம். நாலு வருடமாக அவளுடைய காதுக்குள் இரைந்த இந்த மெசினுக்குப் பக்கத்தில்தான் அவள் தேடிய வழி கிடந்திருக்கிறது.

"மாமி, அந்தச் சட்டையை ஒரு மணித்தியாலத்துக்குத் தாறீங்களோ? பிள்ளையளுக்குக் கீறிக் காட்ட."

"அது ஆக்கள் என்னை நம்பித் தந்த உடுப்பு. எங்க கிழிஞ்சிருக்கு, எங்க ஒட்டுப் போட்டிருக்கு எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லிறேல்லை. உம்மட பிள்ளையளுக்குக் காட்டவோ?" மாமி சட்டையை மடித்து வைத்தார். "உம்மட வீட்டு உடுப்பை எடும்."

சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதில் பிழை இல்லை. ஆய்வு நெறிமுறை என்று அவள் மூன்று வாரம் படிப்பித்ததை மனுசி மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

அவள் புதுக் குரல்பதிவு அனுப்பினாள். "பிள்ளையள், நேற்றுச் சொன்னது என்ர பிழை. உங்கட வீட்டுப் பெரியாக்களிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்கோ. வெள்ளைத் துணி வேண்டாம். வீட்டில ஒராளின்ர உடுப்பு ஒண்டு எடுங்கோ. உங்கட உடுப்பெண்டாலும் சரி. மற்ற ஆளின்ர எண்டால் கட்டாயம் அவையைக் கேட்டு எடுங்கோ. கீறுறதுக்குப் பழைய பேப்பர், மாப் பை, என்ன கிடந்தாலும் காணும்."

பிரதீபனின் கந்தோர்ச் சேட் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. நீலக் கோடு போட்டது, தோய்த்து அயர்ண் பண்ணியது. அவனுக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். குளத்தடியில் கவரேஜ் இல்லை. சேட்டை எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தாள்.

"அவனைக் கேட்டனீரோ?" என்றார் மாமி, தலையை நிமிர்த்தாமல்.

"புருசன்ர சேட்டுக்கும் அனுமதியோ மாமி?"

சோக்கட்டி பிடித்த மாமியின் கை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

*

பத்து மணிக்கு இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே வீடு கூட்டும் தும்புத்தடியைக் கட்டி, அதில் போனைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டிருந்தாள். மடிக்கணினித் திரையில் இருபத்திரண்டு சதுரங்கள். எல்லாக் கமராவும் கீழே பார்த்தன. முகங்களைக் காணவில்லை, கைகளும் உடுப்புகளும்தான் தெரிந்தன. அவற்றோடு ஒரு மூலையில் 'நல்லதம்பி' என்று எழுதிய கறுப்புச் சதுரம்.

"முதல்ல சுத்திக் கீறுங்கோ. பிறகு உடுப்பை எடுத்திட்டு அந்தக் கோட்டுக்குள்ள பாருங்கோ," என்றாள். "இந்த உடுப்புக்குள்ள இருந்த ஆள் எங்க பாரம் தூக்கினது? எங்க குளிர்ந்தது? எங்க, எதை ஒளிச்சது? மஞ்சள், கரி, பேனை, எதாலையும் குறியுங்கோ. எல்லாத்தையும் எங்களுக்குச் சொல்லவேணும் எண்டில்லை. சொல்ல விருப்பமில்லாத இடத்தை வெறுமையா விடுங்கோ."

அரை மணித்தியாலம் பேனை உரசும் சத்தம்தான். சில வீடுகளில் மழை தகரத்தில் விழுவது கேட்டது. வகுப்பறையில் இருக்கும் சிரிப்பு இல்லை. சரி வருகிறதா, இல்லையா?

யதுர்ஷிகா முதலில் வாயைத் திறந்தாள். அப்பாவின் சேட். வயலால் வந்ததும் அவர் தானே கழற்றிக் கொடுத்தாராம், திறப்பை விட இது பரவாயில்லை என்று. "மிஸ், வலது தோள்ல துணி மெலிஞ்சு போயிருக்கு. இடது தோள்ல அப்பிடி இல்ல. அப்பா மூட்டை தூக்கிற தோள் இதுதான் போல. கீறுற வரைக்கும் எனக்குத் தெரியாது." வலது தோளைக் கரியால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கியிருந்தாள்.

பிறகு ஷிஹானாவின் சதுரம். ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை, மங்கிய றோஸ் நிறம். "உம்மாட சட்டை மிஸ். தொண்ணூறில எங்கட ஆக்களை ஊரை விட்டு வெளியேத்தேக்குள்ள உம்மாக்கு எட்டு வயசு. போட்டுக்கொண்டு போன சட்டை இது. காலைல எழும்பிப் போனவ, நீங்க ரெண்டாவதா அனுப்பினதைக் கேட்டுட்டு, இதைக் கொண்டுவந்து என்ட கையில தந்தா. ஏன் வச்சிருக்கிறீங்க எண்டு கேட்டா சிரிக்கிறா. எனக்கு எங்க குறிக்கிறதெண்டு விளங்கல்ல."

மெசின் சத்தம் எப்போது நின்றதென்று சிவதர்சினிக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, கீழ்க்கரையைக் கிட்டக் காட்டு," என்றார். யாரென்று கேட்காமலே ஷிஹானாவின் கை கரையை உயர்த்தியது. "அந்தா, குறுக்கால ரெண்டு கோடு தெரியுதே? அது பழைய மடிப்பு. பிள்ளை வளர வளர மடிப்பை அவிட்டு ரெண்டு தரம் நீளமாக்கியிருக்கினம். ஒரே சட்டையை மூண்டு வருசம் எண்டாலும் போட்டிருக்கிறா உம்மா. மாத்திறதுக்கு வேற சட்டை இருந்திருக்காது."

ஷிஹானாவின் விரல் அந்த இரண்டு கோடுகளையும் மெதுவாகத் தடவியது. பிறகு ஒரு விம்மல் கேட்டது. சதுரம் கறுத்துப் போயிற்று. பெயரும் மறைந்துவிட்டது.

வகுப்பறை என்றால் இரண்டு எட்டில் போய்ப் பக்கத்தில் இருந்திருப்பாள். தோளில் ஒரு கை வைத்தால் போதும். இங்கே அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் அறுந்துபோன வீதி கிடந்தது. யார் வீட்டில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றுகூட அவள் கேட்டு வைக்கவில்லை.

நல்லதம்பியின் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தாள். பாடம் போனால் போகட்டும்.

"பிள்ளையள், வகுப்பை நிப்பாட்டுறன். ஒருத்தரும் போகாதேங்கோ. உங்கட கோட்டோட இருங்கோ. ஷிஹானா எப்பிடி இருக்கிறா எண்டு தெரிஞ்ச பிறகுதான் மிச்சம்."

அவளுடைய போன் தும்புத்தடியில் தொங்கியது. மாமி தன் பொத்தான் போனை நீட்டினார். "இதால எடும்."

எடுத்தாள். வரவுப் பட்டியலில் கிடந்த ஷிஹானாவின் நம்பருக்கு மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் எடுத்தாள். பதில் இல்லை. முன்னால் விரித்திருந்த சேட்டை என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தடவிக்கொண்டிருந்தாள். பொக்கெற்றில் விரலுக்கு ஏதோ தடித்தது. இழுத்தாள். நாலாக மடித்த தாள்.

மேல் வரியில் அவளுடைய கையெழுத்து. நீல மையில், ஆவணி மாதத்துத் திகதி.

பிரதி இல்லை. அவள் பேனையை அழுத்தி எழுதிய தடம் தாளின் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதிகாரி ஒப்பமிட வேண்டிய இடத்தில் ஒப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை. நாலு மாதமாகக் கந்தோரில் இருப்பதாக அவள் நம்பிக்கொண்டிருந்த விண்ணப்பம் இந்தச் சேட்டின் பொக்கெற்றுக்குள் இருந்திருக்கிறது.

"மிஸ், பொக்கெற்றுக்க என்ன?" யதுர்ஷிகாதான் கேட்டாள். மேலே தொங்கிய கமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததைச் சிவதர்சினி மறந்துவிட்டிருந்தாள்.

தாளை மடித்து உள்ளே வைத்தாள். "சொல்ல விருப்பமில்லாத இடத்தை வெறுமையா விடலாம் எண்டு நான்தானே சொன்னனான்," என்றாள். குரல் உடையாமல் வந்ததே பெரிய காரியம். கேட்காமல் எடுத்த உடுப்பு நன்றாகப் பாடம் கொடுத்துவிட்டது அவளுக்கு.

மாமியின் போன் அடித்தது.

"மிஸ், நான் ஷிஹானாட உம்மா நபீஸா. பயப்பிடாதீங்க. அழுதுட்டு வந்து என்ட மடியில படுத்திருக்கா. நானும் கொஞ்சம் அழுதன். அந்த மடிப்பு அவிட்டது எங்கட உம்மா. பல்லால நூலைக் கடிச்சு அவிட்டா. அதைத்தான் இப்ப சொல்லிக்கொண்டு இருக்கன்." கொஞ்சம் பொறுத்து, "பக்கத்தில கதைச்சவ ஆர் மிஸ்? அவவுக்கு என்ட ஸலாம் சொல்லுங்க," என்றார்.

பதினொன்றரைக்கு வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் போனபின் அந்தக் கறுப்புச் சதுரம் மட்டும் நின்றது. பிறகு அதுவும் வெளிச்சமாயிற்று. மேசையில் ஒரு வெள்ளைச் சேட், பக்கத்தில் பத்திரிகைத் தாளில் அதன் உருவம். நல்லதம்பியும் கீறியிருக்கிறார்!

"கொலர் இவ்வளவு தேஞ்சிருக்கு எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்," என்றார். "பாடம் இருக்கட்டும் மிஸ். கல்விக்குழுவுக்கு நான் சொல்லுறன். ஆனா இனி ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில ஆர் இருப்பினம், அவையின்ர நம்பர் என்ன எண்டு முதலே எழுதி வாங்கவேணும். அது இல்லாமல் ஒரு கோடும் கீறப்படாது."

"ஓம் சேர்."

'பாடம் இருக்கட்டும்.' அவள் காத்திருந்த சொல் அதுதான். அதைக் கேட்டதும் ஓடிப்போய்ச் சொல்லவேண்டிய ஆள் குளத்தடியில் நின்றான். அவனிடம் இப்போது எதைச் சொல்வது?

*

"தேத்தண்ணி ஊத்தி வச்சனான். ஆறுது," என்றார் மாமி. கோழிக்கு இல்லை, அவளுக்கு.

பின்னேரம் மழை விட்டிருந்தது. சிவதர்சினி சேட்டின் உருவத்தை ஹோல் சுவரில் ஒட்டிவிட்டு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். தோளுக்குக் குளத்துத் தண்ணீர் என்று நீலம். கை மூட்டுக்கு மஞ்சள். பொக்கெற் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

சேட் கதிரையில் தொங்கியது. சவர்க்கார வாசம் வந்தது. அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. தோய்த்த சேட். பொக்கெற்றுக்குள் இருந்த தாளிலோ ஒரு துளி தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை, மை கரையவும் இல்லை.

"மாமி, இந்தச் சேட்டை எப்ப தோய்ச்சனீங்கள்?"

"சனிக்கிழமை."

"தோய்க்க முந்திப் பொக்கெற் பாக்கிறனீங்களோ?"

மெசின் சில்லு நின்றது. "பாக்காமல் ஆர் தோய்க்கிறது?" என்றார் மாமி. சில்லு திரும்பச் சுற்றத் தொடங்கியது. ஆனால் ஊசிக்குக் கீழே துணி இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சேறும் சகதியுமாக வந்த பிரதீபன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "என்னவாம் உம்மட சேர்? பாடம் தப்பிச்சுதோ?" என்று கேட்டான்.

"ஓம். தப்பிச்சுது."

"பாத்தீரே! நான் சொன்னனான்." உள்ளே வந்தவன் சுவரைக் கண்டான். ஆசையாகக் கிட்டப் போய்ப் பார்த்தான். "இது என்ர சேட்டெல்லோ! தோள், கை எல்லாம் வடிவாக் கீறியிருக்கிறீர். பொக்கெற்றை மட்டும் ஏன் விட்டனீர்?"

சிவதர்சினி பேனையை அவனிடம் நீட்டினாள்.

"அது நீங்கள் கீறவேண்டிய இடம்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. கதிரையில் தொங்கிய சேட்டைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. பேனையையும் வாங்கவில்லை. மெதுவாகத் திரும்பித் தாயைப் பார்த்தான்.

ஞானேஸ்வரி மாமி மெசினை விட்டு எழும்பினார். மடியில் இருந்த நூல்துண்டுகளைத் தட்டிவிட்டார். மகனைக் கடந்து வந்து, மருமகளின் கையில் இருந்த பேனையை வாங்கினார். "சனிக்கிழமை கண்டெடுத்துத் திரும்ப வச்சது நான்தான், இதில என்ர கோடும் இருக்கு," என்றார்.